கண் மஞ்சளாகும் வரை காத்திருக்கலாமா?

அந்தமானிலிருந்து வந்தவன் என்று சொன்னால் விடுதியில் நண்பர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். ஒன்று சிறைச்சாலையைப் பற்றியது. மற்றது ஜாரவாக்களைப் பற்றியது. சிறைச்சாலை இன்று நினைவுச் சின்னம். அதன் வரலாற்றைக் கூற என்னிலும் தக்கார் பலர் உளர். ஜாரவாக்களையோ பேருந்துச் சன்னல் வழியே ஒருமுறை கண்டதன்றி நானும் அறியேன். ஆனால், இவ்விரு பேச்சிலும் இடம்பெறாத செய்தி ஒன்று எங்கள் தீவுகளில் உண்டு. இவ்விதழைக் கையில் ஏந்தியிருக்கும் ஒவ்வொருவரையும் தொடக்கூடிய செய்தி அது. ஆதலின், எவரும் கேளாத கேள்விக்கு விடை கூற முற்படுகிறேன். நண்பர்கள் பொறுத்துக் கேட்பார்களாக.

அது காமாலையைப் பற்றியது. திருத்தமாகச் சொன்னால், காமாலையாக வெளிப்படாத காமாலையைப் பற்றியது.

நம் வீடுகளிலே காமாலையைக் கண்டறிவதற்கென்று எளிய இலக்கணம் ஒன்று உண்டு. பாட்டி கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பாள், நகத்தைப் பார்ப்பாள், சிறுநீர் என்ன நிறம் என்று கேட்பாள். மஞ்சள் தெரிந்தால் காமாலை. மஞ்சள் இல்லையேல் காமாலை இல்லை. 'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற பழமொழியும் இந்நோயைக் கண்ணிலேயே குடியேற்றிவிட்டது. அந்த இலக்கணத்தை நம்பியிருந்துதான் என் தாய்மாமனை இழந்தோம்.

மாமா துறைமுகத்திலே வேலை பார்த்தவர். இராமநாதபுரத்திலிருந்து என் பாட்டனார் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. நாற்பத்தாறு வயது வரையில் மாமா நோய் என்று பாயில் படுத்ததில்லை, குடிப்பழக்கமும் இல்லை. ஓராண்டு, 'அசதியாக இருக்கிறது' என்றார். வேலைப் பளு என்றோம். மறு ஆண்டு வயிறு சற்றே உப்பிற்று, வாயு என்றோம். பின்னர் ஒருநாள் கண் மஞ்சளாயிற்று, காமாலை என்றோம். அன்றுதான் நோய் தொடங்கியது என்று எண்ணினோம். பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரிலே கலந்து நாள்தோறும் கொடுத்தாள். மஞ்சள் இறங்கவில்லை. சென்னைக்குக் கொண்டு சென்றோம். கல்லீரல் சுருங்கிவிட்டது, அதிலே புற்றும் விளைந்துவிட்டது என்றார்கள். காரணம், ஹெப்படைட்டிஸ் 'பி' என்னும் வைரஸ். குழந்தைப் பருவந்தொட்டே அவர் உடம்பில் அது இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். நோயின் முதல் நாள் என்று நாங்கள் கொண்டது அதன் கடைசிக் காலம். ஐந்தே மாதத்தில் மாமா மறைந்தார்.

அந்த மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றை நான் மறவேன். என் தாயைப் பார்த்து, "நீங்கள் இவருடைய தங்கை அல்லவா? உங்கள் இரத்தத்தைப் பரிசோதித்ததுண்டா, அம்மா?" என்றார். "எனக்கு ஒன்றும் இல்லையே, டாக்டர், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றாள் அம்மா. "நன்றாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்" என்றார் அவர். பார்த்தார்கள், அம்மாவுக்கும் இருந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் வலி இல்லை, உடம்பில் களைப்பும் இல்லை. இருந்தும் கிருமி இருந்தது. கல்லீரலை அரிக்கவும் தொடங்கியிருந்தது. அன்று முதல் நாளுக்கு ஒரு மாத்திரை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இன்றும் விடியுமுன் எழுந்து, எல்லாருக்கும் சமைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய் வருகிறாள். ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒரே கிருமி. ஒருவர் கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தார். மற்றவரை அதற்கு முன்னே பார்த்துவிட்டார்கள். வேறுபாடு அவ்வளவே.

நிற்க. நம் பாட்டிமாரின் இலக்கணம் எங்கே பிழைத்தது என்று ஆராய்வோம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் முக்கியமாக ஐந்து. 'ஏ', 'ஈ' என்னும் இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் வருவன. இவை வந்தால் பலருக்குக் கண் மஞ்சளாகும். சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தாமே நீங்கும். 'பி', 'சி', 'டி' என்னும் மூன்றும் இரத்தத்தின் வழியாகவும் உடல் நீர்களின் வழியாகவும் வருவன. தாயிடமிருந்து சேய்க்கு, தூய்மையற்ற ஊசியால், பரிசோதிக்கப்படாத இரத்தத்தால், உடலுறவால், பிறர் சவரக் கத்தியால், பச்சை குத்தும் ஊசியால் பரவுவன. இவற்றுள் 'டி' தனித்து வாழாது. 'பி' உள்ள உடம்பிலேதான் அது குடிபுகும்.

'பி' வைரஸின் சூழ்ச்சி வயதைப் பொறுத்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு அது தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு அதனை எதிர்த்து வெளியேற்றிவிடும். அந்தப் போராட்டத்திலேதான் சிலருக்குக் கண் மஞ்சளாகிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. குழந்தையின் உடம்பு அதனைப் பகையென்று அறிவதில்லை. ஆதலின் போராட்டம் இல்லை, மஞ்சளும் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் ஓசையின்றிக் கழிகின்றன. அவ்வாறு தங்கியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர், மருத்துவம் இன்றி விடப்பட்டால், கல்லீரல் சுருக்கத்தாலோ புற்றுநோயாலோ மாள்வர். ஆக, மஞ்சள் தெரிந்து தானே நீங்கும் நோயை நாம் அஞ்சினோம்; மஞ்சள் காட்டாமல் உயிரைக் கொள்ளும் நோயை நலம் என்று நம்பினோம்.

கீழாநெல்லியின் புகழுக்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. தானே நீங்கும் காமாலைக்கு எதைக் கொடுத்தாலும் அதற்குப் புகழ் சேரும் அன்றோ? இதனைப் பாட்டிவைத்தியத்தை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. அந்த மூலிகையை ஆராய்ச்சிக் களத்திலே நிறுத்தியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர்களே. எஸ். பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும், வைரஸைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன் முடிவு நம்பிக்கை தந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. இதிலே நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அறிஞர்கள் நோயாளியின் கண்ணைப் பார்த்து, 'மஞ்சள் போயிற்று, நோய் போயிற்று' என்று எழுதவில்லை. இரத்தத்தை எடுத்து, வைரஸின் அடையாளம் போயிற்றா என்று பார்த்தனர். கீழாநெல்லியை நேசித்தவர்களே கண்ணை நம்பவில்லை; நாம் ஏன் நம்ப வேண்டும்?

இனி என் தீவுகளுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் ஒன்று எங்கள் தலைநகரிலே இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அவ்வூருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அந்த மையத்து ஆய்வாளர்கள் தீவுகளின் பழங்குடி மக்களிடையே இரத்தப் பரிசோதனை நடத்தி, 2000-ஆம் ஆண்டையொட்டி முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மக்கட்கூட்டத்தில் நூற்றுக்கு 8 பேரிடம் 'பி' வைரஸ் நிலைத்திருந்தாலே மிகுதியான பரவல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நிக்கோபாரியரிடையே அது நூற்றுக்கு ஏறத்தாழ 23-ஆக இருந்தது. பெரிய நிக்கோபாரின் காட்டிலே வாழும் ஷோம்பென்களிடையே முப்பதையும் தாண்டியது. 1990-களின் இறுதியில்தான் வெளியாரிடம் பகைமை நீங்கிப் பழகத் தொடங்கிய ஜாரவாக்களிடையே, பரிசோதிக்கப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருந்தது.

இந்த எண்களைக் கேட்டவுடன், 'அந்த மக்கள் நோயாளிகள்' என்று விரல் நீட்டத் தோன்றினால், அது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும். அவர்கள் செய்த குற்றம் யாது? தாயிடமிருந்து சேய்க்கும், ஒன்றாக விளையாடும் குழந்தைகளுள் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கும், யாரும் அறியாமலே வழிவழியாக வந்தது இது. நான் சுட்டுவது வேறு. அம்மக்கள் ஓடினர், ஆடினர், கடலில் ஓடம் செலுத்தினர், பன்றி வேட்டையாடினர். பார்த்தவர் எவரும் அவர்களை நோயாளிகள் என்று சொல்லியிரார். நலமாகத் தோன்றிய மனிதரின் கையில் ஊசியிட்டுச் சிறிது இரத்தம் எடுத்துப் பார்த்ததனாலன்றோ உண்மை தெரிந்தது? தெரிந்ததனாலன்றோ 2000-ஐ ஒட்டி கார் நிக்கோபாரிலே சோதனை முறையாகத் தடுப்பூசி போடப்பட்டது? அறியாமல் இருந்திருந்தால் அந்த ஊசியும் வந்திராது.

இந்த இரத்தப் பரிசோதனை பிறந்த கதையும் இங்கே நினைக்கத்தக்கது. 1960-களிலே புளூம்பெர்க் பல நாட்டு மக்களின் இரத்தத்தைச் சேகரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்திலே அதுவரை அறியாத பொருளொன்றைக் கண்டு, 1965-இல் வெளியிட்டார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அதற்குப் பெயரிட்டனர். அதுவே 'பி' வைரஸின் மேலுறை என்பது பின்னர்த் தெரிந்தது. அதனைத் தேடுவதே இன்றைய பரிசோதனை. அதனைக் கொண்டு செய்ததே தடுப்பூசி. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாள். ஒரு பழங்குடி மனிதரின் இரத்தம் உலகத்துக்கெல்லாம் கண் கொடுத்தது. அந்தக் கண்ணைக் கொண்டு நம்மை நாமே பார்த்துக்கொள்ளத் தயங்குவது முறையா?

முன்னதாக அறிவதால் என்ன பயன் என்று கேட்போர் இருக்கலாம். பயன் பல. 'பி' வைரஸை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இன்றும் அரிது; எனினும் அதனை அடக்கிவைக்கும் மாத்திரைகள் உண்டு. நாள்தோறும் உட்கொண்டால் கல்லீரல் சுருங்குவதும் புற்று விளைவதும் பெரிதும் குறைகின்றன. வைரஸ் உள்ள எல்லாருக்கும் மாத்திரை உடனே தேவைப்படுவதில்லை. ஆனால் எல்லாருக்கும் கண்காணிப்புத் தேவை. 'சி' வைரஸோ இன்று குணமாகும் நோய். பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றிலும் நீங்கிவிடுகிறது. கருவுற்ற தாய்க்கு 'பி' இருப்பது முன்பே தெரிந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசியிட்டு அதனைக் காக்கலாம். தீவுகளில் வாழ்வோருக்கோ இப்பயன் இரு மடங்கு. கல்லீரல் கெட்டபின் வேண்டுவது பெரிய மருத்துவமனை. அதற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். கெடுமுன் வேண்டுவதோ சிறிது இரத்தமும் ஒரு மாத்திரையுமே. நோய் முற்றியவனுக்குக் கப்பல் மூன்று நாள் வழி. முன்னே அறிந்தவனுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியே போதும்.

இவ்வளவும் இருந்தும் உலகம் செய்திருப்பது என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 2022-இல் 25 கோடிக்கு மேற்பட்டோர் 'பி' வைரஸோடு வாழ்ந்தனர் என்கிறது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர். உலகிலே அது தம்மிடம் இருப்பதை அறிந்தவர் நூற்றுக்கு 13 பேர். மருத்துவம் பெற்றவர் 3 பேர். அவ்வாண்டில் 'பி', 'சி' இரண்டாலும் மாண்டவர் 13 லட்சம். மருந்து இருந்தும் அறியாமையால் மாள்வது இது.

'நமக்கெல்லாம் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டாயிற்றே' என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதித்தார். ஆண்டுக் கணக்கைச் சற்றே பாருங்கள். 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் நம் நாட்டிலேயே இத்தடுப்பூசியைச் செய்து, அதன் விலையை இறக்கிற்று. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2002-03-இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனையாக அது சேர்ந்தது. 2007-08-இல் தமிழ்நாடு உட்படப் பத்து மாநிலங்களுக்குப் பரவிற்று. நாடு முழுவதற்கும் எட்டியது 2011-ஐ ஒட்டித்தான். இப்பல்கலைக்கழகத்தில் நம்மோடு பயில்வோருள் மிகப் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். பெற்றோர் விலை கொடுத்துப் போட்டிருந்தாலன்றி, நம்மிற் பலருக்குப் பிறந்த அன்று அந்த ஊசி கிடைத்திராது. தடுப்பூசி நம் தம்பி தங்கையரைக் காத்தது. நம் நிலை யாது என்பதை இரத்தம்தான் சொல்ல வேண்டும்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பின் என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது. இதுவரை என் அறைத்தோழன் ஒருவனுக்கே இது தெரியும். இனி உங்கள் எல்லாருக்கும் தெரியும். என் கல்லீரல் இப்பொழுது நலமாக உள்ளது. மாத்திரை இன்னும் தேவையில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குச் சென்று வருகிறேன். அறைத்தோழனிடம் சொன்ன இரவு, அவன் என் தம்ளரை வேறாக வைப்பானோ என்று விழித்துக் கிடந்தேன். காலையில் அவன் கேட்டது, "டேய், எனக்கு ஊசி போட எங்கே போகணும்?" என்பதே. போய்ப் பரிசோதித்தான், அவனுக்கு இல்லை, ஆறு மாதத்தில் மூன்று ஊசிகளும் போட்டுக்கொண்டான். இன்றும் ஒரே மேசையில்தான் உண்கிறோம். ஒன்றாக உண்பதாலும், கை குலுக்குவதாலும், ஒரே தம்ளரில் நீர் பருகுவதாலும் இது பரவாது. என் சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் மட்டும் எவருக்கும் கொடேன். நீங்களும் உங்களுடையதைக் கொடுக்க வேண்டாம்.

எல்லாரும் என் தோழனைப் போன்றவர் அல்லர். அம்மாவின் பல்லைப் பிடுங்க மறுத்துத் திருப்பியனுப்பிய மருத்துவர் ஒருவர் உண்டு. செய்தி தெரிந்தபின் எங்கள் வீட்டுத் திருமணப் பேச்சொன்று நின்றுபோனதும் உண்டு. பரிசோதனைக்கு மக்கள் அஞ்சுவது ஊசிக்கன்று, ஊருக்கு. 'இருந்துவிட்டால் என்ன செய்வது?' என்ற அச்சத்தை நான் அறிவேன். ஆனால், பாராதிருப்பதனால் இல்லாமற் போகும் நோய் எங்கும் இல்லை. என் மாமா பாராதிருந்தார். அவருக்கு ஊரும் மிஞ்சவில்லை, உயிரும் மிஞ்சவில்லை.

ஆதலின், நம் தமிழ் மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் ஆண்டுதோறும் எடுக்கும் முயற்சியில் ஒரு பங்கேனும் இதற்கு எடுப்போம். வரும் ஜூலை 28-ஆம் நாளையொட்டி, அரசு மருத்துவமனையின் துணையோடு 'பி', 'சி' இரண்டுக்கும் பரிசோதனை முகாம் ஒன்று நடத்துவோம். 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையும் மருத்துவமும் இலவசம். கேட்பாரின்றியே பல இடங்களில் அது கிடக்கிறது. முகாமுக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். எவரையும் வற்புறுத்தலாகாது. முடிவை உரியவரிடம் தனியே கூற வேண்டும். சங்கச் செயலாளர்கூட அதனை அறியக் கூடாது. 'இல்லை' என்று வந்தவருக்குத் தடுப்பூசிக்கும், 'உண்டு' என்று வந்தவருக்கு மருத்துவருக்கும் அன்றே வழி காட்ட வேண்டும். பரிசோதித்துவிட்டுக் கைவிடுவது பரிசோதியாமையினும் தீது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, உங்கள் பாட்டி உங்கள் கீழிமையை இழுத்துப் பார்த்து, 'ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாய்' என்று சொல்வாள். அந்த அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டபின், அவளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குப் போய் வாருங்கள். முகாம் நடந்தால், சந்தேகப்படுவோருக்குத் துணையாக வாயிலில் நான் நிற்பேன். வருவோர் என்னிடம் எதுவும் கேட்கலாம். சிறைச்சாலையைப் பற்றியும் கேட்கலாம்.